பொறுத்துக்கொள்ளச் சொன்னவர்கள் நாங்கள்

ஹீமோஃபீலியா நோயாளிகளுக்கான ஒரு சங்கத்தின் நிர்வாகக் குழுவில் பல ஆண்டுகளாக இருந்துவருபவர்கள் சார்பில் இதை எழுதுகிறேன். கடந்த பொதுக்குழுவில் உறுப்பினர்கள் எழுந்து நின்று எங்கள் மீது வைத்த புகார்களுக்கு அன்று நாங்கள் பதில் சொல்லவில்லை. நேரமாகிவிட்டது, வெளியூர்க்காரர்கள் பஸ் பிடிக்க வேண்டும் என்று கூட்டத்தை முடித்துவிட்டோம். பிறகு குழுவுக்குள் பல மாதம் பேசினோம். சிலர் விலகினார்கள், சிலர் இன்னும் கோபமாக இருக்கிறார்கள். மிச்சமிருப்பவர்கள் ஒப்புக்கொண்டவற்றை இங்கே சொல்கிறேன். உறுப்பினர்களுக்கு அனுப்பிய கடிதத்தில் பெயர்களும் தேதிகளும் இருக்கின்றன. இங்கே அவற்றைத் தவிர்த்திருக்கிறேன். தலசீமியா, சிறுநீரகச் செயலிழப்பு, குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோய் என்று ஆயுள் முழுக்கக் கூடவே வரும் எந்த நோய்க்கான சங்கத்தை நடத்துபவரும் இதைத் தன் சங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நோயைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. இரத்தம் உறைவதற்குத் தேவையான புரதங்களில் எட்டாவது காரணி குறைந்தால் ஹீமோஃபீலியா ஏ, ஒன்பதாவது குறைந்தால் ஹீமோஃபீலியா பி. ஏ வகை ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. வெட்டுக்காயத்தில் இரத்தம் கொட்டிச் சாவது என்று சினிமா பார்த்து நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடைமுறையில் ஆளை முடக்குவது உள்ளே நடக்கும் கசிவு. முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுக்குள் இரத்தம் இறங்கும். இரத்தத்தில் இருக்கும் இரும்பு மூட்டின் உட்சவ்வை அரிக்கும். அரிக்கப்பட்ட சவ்வு வீங்கி, அடுத்த கசிவு இன்னும் சுலபமாக வரும். பத்து வயதில் ஓடிக்கொண்டிருந்த பையன் இருபது வயதில் மடங்காத காலோடு நிற்பான். இத்தனையையும் தடுக்க நரம்பில் ஏற்றும் ஃபேக்டர் மருந்து இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அது இலவசம். அங்கே இருப்பில் இல்லாதபோது, அல்லது அங்கே போய்ச் சேர முடியாதபோது, எங்களைப் போன்ற சங்கங்களின் குளிர்சாதனப் பெட்டியில் நன்கொடையாக வந்த மருந்து இருக்கும். எங்களுக்கு அதிகாரம் என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்தப் பெட்டியின் சாவிதான்.

முதலில் சொல்ல வேண்டியது அதைப் பற்றித்தான். எங்கள் குழுவில் பெரும்பாலோர் நோயாளிகளின் பெற்றோர், இரண்டு பேர் நோயாளிகள். நாங்கள் யாரும் மருந்தை விற்கவில்லை, திருடவில்லை. ஆனாலும் நிர்வாகக் குழுவில் இருப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு ஃபேக்டர் இல்லாமல் போன நாள் எங்கள் நினைவில் இல்லை. நாங்கள் ஊருக்குள் இருக்கிறோம், பெட்டி எங்கே என்று தெரியும், எந்த டாக்டர் ராத்திரி போனை எடுப்பார் என்று தெரியும், எப்போது சரக்கு வருகிறது என்பதும் எங்களுக்குத்தான் முதலில் தெரியும். கூடச் சொல்ல வேண்டியது இன்னொன்று. மருந்து வந்த செய்தியை நாங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொன்னதில்லை. எல்லோரும் ஒரே நாளில் வந்து நிற்பார்கள், சமாளிக்க முடியாது என்று காரணம் சொல்லிக்கொண்டோம். அறுபது, எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கிராமத்து அம்மா வீங்கிய முழங்காலோடு பையனைத் தூக்கிக்கொண்டு வந்து, "சார், இருக்குன்னாங்களே" என்று கேட்கும்போது, "நேத்தே முடிஞ்சு போச்சும்மா" என்போம். அது உண்மைதான். ஆனால் முந்தின நாள் அது யாருக்குப் போனது என்று அந்த அம்மா கேட்டதில்லை. கேட்கிற தெம்பை நாங்கள் அவருக்குக் கொடுத்ததில்லை.

கேட்டிருந்தால் காட்ட நாங்கள் ஒரு பதிவேடு வைத்திருந்தோம். அந்தப் பதிவேட்டிலும் ஒரு கோளாறு உண்டு. எட்டாவது காரணியைப் பொறுத்தவரை, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு யூனிட் ஏற்றினால் இரத்தத்தில் அதன் அளவு சுமார் 2 சதவீதம் உயரும். எழுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு 500 யூனிட் குப்பி ஒன்று போட்டால் கிடைப்பது 14 சதவீதம். அதுவும் பன்னிரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். வசதி குறைந்த இடங்களில் சாதாரண மூட்டுக் கசிவுக்கு 10 முதல் 20 சதவீதம் வரை எட்டினால் சமாளிக்கலாம் என்று உலக ஹீமோஃபீலியா கூட்டமைப்பின் வழிகாட்டி சொல்கிறது. அந்த வரியை நாங்கள் இறுகப் பிடித்துக்கொண்டோம். சிறுவனானாலும் பெரியவரானாலும், கணுக்காலானாலும் இடுப்புத் தசையானாலும், ஆளுக்கு ஒரு குப்பி. இடுப்புத் தசைக்குள் இரத்தம் இறங்கிய பெரியவருக்கு அது எந்தக் கணக்கிலும் போதாது, மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடர்ந்து போட வேண்டும். ஒருவருக்கு வேண்டிய மருந்தை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்து, பதிவேட்டில் மூன்று பயனாளிகள் என்று எழுதினோம். ஆண்டறிக்கையில் பயனாளிகள் கூடினார்கள், நன்கொடையாளர்கள் பாராட்டினார்கள். அந்த மூவரில் எத்தனை பேருக்குக் கசிவு உண்மையில் நின்றது என்று நாங்கள் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்க ஒரு பத்திகூட அந்தப் பதிவேட்டில் இல்லை.

மருந்து போட்டும் நிற்கவில்லை என்று திரும்பி வந்தவர்களை நாங்கள் கேட்ட கேள்விகளை நினைத்தால் இப்போது கூசுகிறது. ஐஸ் வைத்தாயா, ஓய்வெடுத்தாயா, சொன்ன பேச்சைக் கேட்காமல் வண்டி ஓட்டினாயா. கடுமையான ஏ வகை நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, ஏற்றப்படும் ஃபேக்டரையே எதிரியாக நினைத்து அழிக்கும் எதிர்ப்புப் பொருள் உடலில் உருவாகிறது. இன்ஹிபிட்டர் என்பார்கள். அது வந்துவிட்டால் எத்தனை குப்பி போட்டாலும் பலனில்லை, வேறு மருந்து வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் இரத்தப் பரிசோதனை 1970-களிலிருந்து இருக்கிறது. எங்கள் உறுப்பினர் ஒருவர், இளைஞர், பொறுப்பில்லாத பையன் என்று எங்கள் கூட்டங்களிலேயே பேசப்பட்டவர். அவருக்கு இன்ஹிபிட்டர் இருப்பது அவரே வேறு ஊருக்குப் போய்ப் பரிசோதித்துக்கொண்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் இரண்டு முழங்கால்களும் போய்விட்டன. பொதுக்குழுவில் முதலில் எழுந்து பேசியவர் அவர்தான். அவர் குரல் உயர்ந்தபோது எங்களில் ஒருவர், "தம்பி, மரியாதையாப் பேசுங்க" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் நாங்கள் சங்கம் நடத்திய விதம் முழுக்க இருக்கிறது. நோயாளிகளை அமைதியாக வைத்திருப்பதுதான் எங்கள் வேலை என்று எப்போதோ முடிவுசெய்துவிட்டோம். மருத்துவமனையைப் பகைத்துக்கொள்ளாதீர்கள், அதிகாரிகளைக் கோபப்படுத்தாதீர்கள், பத்திரிகைக்காரர்களிடம் போகாதீர்கள், நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் அக்கறையோடுதான் சொன்னோம். அவர்களுக்காகப் பேசுகிறோம் என்று உண்மையிலேயே நம்பினோம். ஒரு தாய் எங்களைக் கேட்காமல் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடம் மனுக் கொடுத்தார். தன் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் அரசு மருத்துவமனையிலேயே ஃபேக்டர் இருக்க வேண்டும் என்பதுதான் மனு. நாங்கள் அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தோம். சங்கத்தின் பெயர் கெட்டுப்போகும், இத்தனை நாள் வளர்த்த உறவு கெட்டுப்போகும் என்றோம். அவர் மனுவைத் திரும்பப் பெறவில்லை. சில வாரங்களில் அந்த மருத்துவமனைக்கு மருந்து வந்தது. அதை எங்கள் ஆண்டறிக்கையில் சங்கத்தின் சாதனைகளுக்குள் சேர்த்தோம். அவர் பெயரை எழுதவில்லை. பிறகு அவர் எங்கள் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

நோயாளிகளைப் பதற்றப்படுத்தக் கூடாது என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு எங்கள் நோயின் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. நாங்கள் அதைப் படித்திருந்தோம், உறுப்பினர்களிடம் சொன்னதில்லை. பிரிட்டனின் ஹீமோஃபீலியா சொசைட்டி 1950-ல் தொடங்கியது. 1983 மே மாதம் அது தன் உறுப்பினர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. எழுதியவர் கார்டிஃப் நகரின் பேராசிரியர் ஆர்தர் ப்ளூம், அந்த நாட்டில் இந்த நோய்க்கான முதன்மை மருத்துவர்களில் ஒருவர். எய்ட்ஸ் இரத்தப் பொருள்கள் வழியாக வருகிறது என்பது நிரூபிக்கப்படவில்லை, சிகிச்சையை மாற்றிக்கொள்ள வேண்டாம் என்பது கடிதத்தின் சாரம். அந்த நேரத்தில் அவருடைய சொந்த மையத்திலேயே ஒரு நோயாளிக்கு எய்ட்ஸ் இருக்குமோ என்ற சந்தேகம் எழுந்திருந்தது. ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவைக் கலந்து தயாரித்து அமெரிக்காவிலிருந்து வந்த ஃபேக்டரைக் குடும்பங்கள் நம்பிக்கையோடு தொடர்ந்து போட்டுக்கொண்டன. ஹாம்ப்ஷயரில் ட்ரீலோர் கல்லூரி என்று ஒரு பள்ளி, உள்ளேயே சிகிச்சை மையம் வைத்திருந்தது. 1970-க்கும் 1987-க்கும் இடையில் அங்கே படித்த ஹீமோஃபீலியா மாணவர்கள் 122 பேர். இன்று உயிரோடு இருப்பவர்கள் ஏறத்தாழ 30 பேர். இதைப் பற்றி சர் ப்ரையன் லாங்ஸ்டாஃப் தலைமையில் நடந்த விசாரணை தன் அறிக்கையை 2024 மே 20 அன்று வெளியிட்டது. இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களையும் சேர்த்து 30,000-க்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி. அல்லது ஹெபடைடிஸ் தொற்று, சுமார் 3,000 பேர் இறப்பு. நாற்பது ஆண்டுகள் அந்த நோயாளிகளிடம் அரசும் மருத்துவமும் பொறுமையாக இருக்கச் சொல்லிக்கொண்டிருந்தன.

அமெரிக்காவிலும் அப்படியே. அங்கே சுமார் 10,000 ஹீமோஃபீலியா நோயாளிகளுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. தங்களுக்காக இருப்பதாகச் சொன்ன நேஷனல் ஹீமோஃபீலியா ஃபவுண்டேஷன் மீது நம்பிக்கை இழந்த நோயாளிகள், அந்த எண்ணையே பெயராக வைத்து, கமிட்டி ஆஃப் டென் தவுசண்ட் என்று தனி அமைப்புத் தொடங்கினார்கள். 1993-ல் தொடுத்த வழக்கில் மருந்துக் கம்பெனிகளோடு அந்த ஃபவுண்டேஷனையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்தார்கள். தங்கள் சங்கத்தின் மேல் தாங்களே வழக்குப் போடும் நிலைக்கு நோயாளிகள் வர வேண்டுமானால் அதற்கு முன்னால் எத்தனை கடிதங்கள் பதிலில்லாமல் கிடந்திருக்கும் என்று யோசிக்கிறேன். எங்கள் அலமாரியிலும் அப்படிக் கடிதங்கள் இருந்தன.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 17 அன்று உலக ஹீமோஃபீலியா தினம் கொண்டாடுகிறோம். அது ஃப்ராங்க் ஷ்னாபெலின் பிறந்த நாள். மான்ட்ரியலில் தொழில் செய்தவர், கடுமையான ஹீமோஃபீலியா உள்ளவர், 1963-ல் உலகக் கூட்டமைப்பைத் தொடங்கியவர். கெட்டுப்போன இரத்தப் பொருள் வழியாக வந்த எய்ட்ஸால் 1987-ல் இறந்தார். இந்தியக் கூட்டமைப்பை 1983-ல் தொடங்கிய அசோக் பகதூர் வர்மாவும் நோயாளிதான். மருத்துவர்களும் தர்மகர்த்தாக்களும் நோயாளிகளுக்கு அருள்பாலித்த இயக்கம் இல்லை இது, நோயாளிகள் தங்களுக்காகக் கட்டியது. எங்கள் ஏப்ரல் 17 விழாக்களில் மேடையில் உட்கார்ந்தவர்கள் சிறப்பு விருந்தினர்களும் நாங்களும். பொன்னாடை, நினைவுப் பரிசு, குத்துவிளக்கு. நோயாளிகள் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில். மருந்து வாங்கிக்கொள்ளும் சிறுவனை மேடைக்கு அழைத்து, மருந்துப் பெட்டியைக் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுத்தோம். பள்ளியில் தன் நோயை மறைத்துவைத்திருந்த பிள்ளைகள் அந்தப் படங்களில் இருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் தாய் தகப்பனிடம்கூட நாங்கள் அனுமதி கேட்டதில்லை.

நாங்கள் மறைத்த விஷயங்களில் எனக்கு மிகவும் கனமாக இருப்பது தடுப்பு சிகிச்சை. கசிவு வந்த பிறகு ஃபேக்டர் போடுவது ஒரு முறை. கசிவு வராமல் இருக்க வாரத்துக்கு இரண்டு மூன்று முறை முன்கூட்டியே போடுவது இன்னொன்று. ஸ்வீடனில் மால்மோ நகரில் இங்கா மரீ நீல்சன் 1950-களின் கடைசியிலேயே இதைத் தொடங்கிவிட்டார். 2007-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, 65 சிறுவர்களை ஆறு வயது வரை தொடர்ந்தது. தடுப்பு முறையில் இருந்தவர்களில் 93 சதவீதம் பேருக்கு எம்.ஆர்.ஐ. படத்தில் மூட்டுகள் நன்றாக இருந்தன, கசிந்த பிறகு போட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குத்தான். 2020-ல் உலகக் கூட்டமைப்பு தன் சிகிச்சை வழிகாட்டியின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. கசிந்த பிறகு போடுவதை நீண்டகாலச் சிகிச்சையாகக் கருதவே கூடாது என்று அது சொல்கிறது. அதன் முதல் ஆசிரியர் அலோக் ஶ்ரீவஸ்தவா, அப்போது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர். உலகத்துக்கே வழிகாட்டும் நூலுக்குத் தலைமை தாங்கியவர் நம் வேலூரில் இருந்தார். அந்த வழிகாட்டியின் இரண்டு பக்கத்தைக்கூடத் தமிழில் அச்சிட்டு எங்கள் உறுப்பினர்களுக்கு நாங்கள் கொடுக்கவில்லை.

ஏன் கொடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குழுவில் இது பேசப்பட்டது. தடுப்பு சிகிச்சை வேண்டும் என்று எல்லாப் பெற்றோரும் கேட்கத் தொடங்கினால் மருத்துவமனையில் இருப்புத் தாங்காது, நமக்கும் அவர்களுக்கும் மனக்கசப்பு வரும் என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினோம். குறைந்த அளவில், கிலோவுக்குப் பத்து யூனிட் வீதம் வாரம் இரண்டு முறை போட்டாலே கசிவுகள் வெகுவாகக் குறையும் என்பது இந்தியாவிலேயே பார்க்கப்பட்டிருக்கிறது. எமிசிசுமாப் என்று தோலுக்கடியில் போடும் ஊசி வந்து பல ஆண்டுகளாகிவிட்டன, மாதம் ஒருமுறைகூடப் போடலாம், இன்ஹிபிட்டர் உள்ளவர்களுக்கும் ஏற்றது. இதையெல்லாம் எங்கள் பெற்றோர்கள் வேறு மாவட்டத்துப் பெற்றோர்களிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டு எங்களிடம் வந்து கேட்டார்கள். கூடாத காரியம் எதையோ கேட்டுவிட்டதுபோல அவர்களைப் பார்த்தோம். தெரிந்தால் கேட்பார்கள் என்பதற்காகத் தெரியாமல் வைத்திருந்தோம். அந்த ஆண்டுகளில் இரண்டு வயதாக இருந்த பிள்ளைகளின் மூட்டுகள் இப்போது எப்படி இருக்கின்றன என்பது மருத்துவமனைக் கோப்புகளில் இருக்கிறது.

பெண்களைப் பற்றிய பகுதியைக் குழுவிலுள்ள ஒரே பெண் உறுப்பினரை எழுதச் சொன்னேன், எழுத வேண்டியவர் நீங்கள் என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார். எங்கள் உறுப்பினர் படிவத்தில் நோயாளி என்றால் ஆண். தாய்மார்கள் எங்களுக்குத் துணைக்கு வருபவர்கள், விழாவில் தேநீர் கொடுப்பவர்கள். நோயின் மரபணுவைச் சுமக்கும் பெண்களில் பலருக்கும் காரணி அளவு குறைவாகவே இருக்கும். மாதவிலக்கில் பத்து நாள் இரத்தம் போகும், பிரசவத்தில் உயிருக்கே ஆபத்து வரும். 1926-ல் எரிக் ஃபான் வில்லிபிராண்ட் விவரித்த இரத்தக்கசிவு நோய் ஆண், பெண் இருவருக்கும் வரும். அவர் ஆராய்ந்த குடும்பத்தின் சிறுமி பதின்மூன்று வயதில் மாதவிலக்கு இரத்தப்போக்கில் இறந்தவள். நம் ஊர்ப் பக்கம் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் நடப்பதால், தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் அரிய இரத்தக்கசிவு நோய்கள், பதின்மூன்றாவது காரணிக் குறைபாடு, க்ளான்ஸ்மான் போன்றவை, மற்ற இடங்களைவிட அதிகம். அவற்றில் பாதிப்பேர் பெண்கள். டிரானெக்சாமிக் அமிலம் என்ற மாத்திரை எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. அதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள் என்றுகூட எங்கள் வீட்டுப் பெண்களிடம் நாங்கள் சொல்லவில்லை.

பையனுக்கு நோய் என்று தெரிந்ததும் மருமகளைப் பழிக்கும் வீடுகள் எங்கள் உறுப்பினர் பட்டியலில் நிறைய உண்டு. சுமார் மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்குக் குடும்பத்தில் யாருக்கும் முன்பு நோய் இருந்ததில்லை, மரபணுவில் புதிதாக நேர்ந்த மாற்றம் அது. தாய் வழியே வந்தாலும் அது அவள் செய்த குற்றமல்ல. மாமியாரையும் கணவனையும் உட்காரவைத்து இதை விளக்க ஒரு மணி நேரம் போதும். மருத்துவர் சொன்னால் கேட்டிருப்பார்கள், மருத்துவரை அழைத்துவர எங்களால் முடியும். குடும்ப விஷயம் என்று ஒதுங்கிக்கொண்டோம். கணவன் வீட்டிலிருந்து அனுப்பப்பட்ட பெண்கள் மூன்று பேரை எங்களுக்குத் தெரியும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 ஹீமோஃபீலியாவையும் தலசீமியாவையும் சிக்கில் செல் நோயையும் 21 குறைபாடுகளின் பட்டியலில் சேர்த்தபோது இனிப்பு கொடுத்துக் கொண்டாடினோம். அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு சொல்லும் 34-வது பிரிவில் இரத்த நோய்கள் இல்லை. உயர்கல்விக்கான 5 சதவீத ஒதுக்கீட்டில் இடமுண்டு, வேலைக்கு இல்லை. நாங்கள் அந்தப் பிரிவைப் படிக்கவே இல்லை. தேர்வு எழுதி, சான்றிதழோடு போய், இது செல்லாது என்று திருப்பி அனுப்பப்பட்ட பையன்கள் வந்து சொல்லித்தான் தெரிந்தது. அப்போதும், மேலிடத்தில் பேசுகிறோம் என்று சொன்னோம்.

இவ்வளவு நடந்தும் எங்களை ஏன் யாரும் மாற்றவில்லை? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி நிர்வாகக் குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாம். மறுபடி மறுபடி நாங்கள்தான் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டோம். பொதுக்குழுவை வேலை நாளில் நகரத்தில் வைத்தோம். கூலி வேலைக்குப் போகிறவர், தாங்கு கட்டையோடு இரண்டு பஸ் மாற வேண்டியவர் எப்படி வருவார்? வரவுசெலவை ஆங்கிலத்தில் வேகமாக வாசித்தோம். வாட்ஸ்அப் குழுவில் கேள்விகள் கூடியபோது நிர்வாகிகள் மட்டும் பதிவிடும்படி மாற்றினோம். ராத்திரி ஒரு மணிக்கு ரத்தக் கசிவோடு தவிக்கும் ஆள் மற்றவர்களிடம் உதவி கேட்கும் ஒரே வழியையும் அதோடு அடைத்துவிட்டோம் என்பது எங்களுக்கு உறைக்கப் பல வாரம் ஆனது.

குழுவிலிருந்து விலகியவர்கள் சொல்வதையும் இங்கே வைக்க வேண்டும். சம்பளமில்லாமல் உழைத்தோம், சொந்தக் காசில் அலைந்தோம், நாங்கள் இல்லாவிட்டால் இந்தச் சங்கமே இருந்திருக்காது என்கிறார்கள். உண்மை. ஆரம்ப காலத்தில் பஸ் ஸ்டாண்டில் ஐஸ் பெட்டியோடு மருந்துக்குக் காத்திருந்தவர்கள் அவர்கள். அந்த உழைப்பே எங்களைக் கெடுத்தது என்று நான் நினைக்கிறேன். இலவசமாக உழைக்கிற எங்களைக் கணக்குக் கேட்பதா என்ற எண்ணம் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. உறுப்பினர்கள் சந்தா கட்டிய சொந்தக்காரர்கள் என்பது மறந்து, எங்கள் தயவில் இருப்பவர்களாகத் தெரிந்தார்கள். நன்றி சொன்னவர்களை நல்ல நோயாளி என்றும் கேள்வி கேட்டவர்களைப் பிரச்சினைக்காரர் என்றும் பிரித்தோம். பிரச்சினைக்காரர் என்று நாங்கள் ஒதுக்கியவர்களின் பட்டியலை இப்போது எடுத்துப் பார்த்தால், அவர்கள் கேட்டது எல்லாமே சரி. பக்கத்து மருத்துவமனையில் மருந்து, இன்ஹிபிட்டர் பரிசோதனை, பெண்களுக்குச் சிகிச்சை, பிசியோதெரபி, தமிழில் கணக்கு. அவர்களுக்குப் பதவி ஆசை என்று எங்களில் சிலர் இன்னமும் சொல்கிறார்கள். இருந்தால் என்ன? இந்தப் பதவிகள் அவர்களுடையவை.

வரும் தேர்தலில் பழைய குழுவினர் யாரும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், போக்குவரத்துச் செலவைச் சங்கம் ஏற்று, பொதுக்குழு நடக்கும். இருப்பில் உள்ள ஒவ்வொரு குப்பியும் எப்போது வந்தது, காலாவதி எப்போது, யாருக்கு எவ்வளவு போனது, கசிவு நின்றதா என்பதை உறுப்பினர் எவரும் பார்க்கும்படி புதிய பதிவேடு தொடங்கியாயிற்று. பெயருக்குப் பதிலாக எண் இருக்கும். சாவி எங்களிடம் இல்லை, மருத்துவமனை மருந்தாளரிடம் இருக்கிறது. வழிகாட்டியின் தடுப்பு சிகிச்சைப் பகுதியைத் தமிழில் எழுதும் பொறுப்பை, பொதுக்குழுவில் முதலில் எழுந்து பேசிய அந்த இளைஞர் ஏற்றிருக்கிறார். நாங்கள் கேட்டு அல்ல, அவரே எடுத்துக்கொண்டார்.

எங்களால் சரிசெய்ய முடியாமல் நிற்பது ஒன்று. பழைய பதிவேட்டில் ஒருமுறை, இருமுறை வந்துவிட்டுப் பிறகு வராமல் போனவர்களின் பெயர்கள் நிறைய இருக்கின்றன. பலருடைய போன் எண்கள் மாறிவிட்டன, கடிதங்கள் திரும்பி வருகின்றன. அவர்கள் குணமாகி நின்றுவிடவில்லை, இந்த நோயில் அப்படி நிற்பதில்லை. எங்களிடம் கேட்டுக் கேட்டு அலுத்து நின்றவர்கள் அவர்கள். மூட்டு அடிக்கடி வீங்கும் பையனோ, நொண்டி நடக்கும் இளைஞனோ, பல் பிடுங்கி இரத்தம் நிற்காமல் போனவரோ, மாதவிலக்கில் நாள்கணக்கில் இரத்தம் போகும் பெண்ணோ உங்கள் தெருவில் இருந்தால், அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். காரணி அளவையும் இன்ஹிபிட்டரையும் பார்க்கச் சொல்லிக் கேட்கட்டும், குழந்தையாக இருந்தால் தடுப்பு சிகிச்சையைப் பெயர் சொல்லிக் கேட்கட்டும். எங்கள் கடிதம் எதுவும் அதற்குத் தேவையில்லை.